அலாவுதீன் எழுதிய இரண்டாவது மனு

சூலியா தெருவில் அலாவுதீனுக்குத் தெரியாத இங்கிலீசு இல்லை என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரே அலாவுதீன்தான் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் உண்மைதான். 1926-ல் பினாங்கில் மனு எழுதிப் பிழைத்தவர்களில், துணிக்கடை முன்னே அஞ்சடி என்கிற ஐந்தடி அகல நடைபாதையில் மேசை போட்டு, சொந்தத் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய மூலதனம் அந்த இயந்திரம்கூட இல்லை. ஒரு கறுப்பு அட்டை நோட்டு. கவர்னருக்கு வரவேற்பு, நீதிபதிக்கு வழியனுப்பு என்று பத்திரிகையில் வந்த மரியாதைச் சொற்களையெல்லாம் வெட்டி ஒட்டி மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். குமாஸ்தாவுக்கு ஒரு பக்கம், அதிகாரிக்கு ஒரு பக்கம், பெரிய துரைக்கு நாலு பக்கம். "முதல்ல பந்தல், பெறகுதான் கல்யாணம். பந்தல் சரியில்லேன்னா எவன் உள்ள வருவான்?" என்பார். அதனால் அவர் மனுக்களில் புகழ்ச்சி ஒரு முழுப் பக்கம் போகும். கேட்க வந்த காரியம் கடைசியில் இரண்டு வரியில் ஒதுங்கி நிற்கும்.

அந்த வருஷம் அரசாங்க மருத்துவச்சி புஷ்பவள்ளியைக் கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலுக்கு மாற்றி உத்தரவு வந்தது. தெருவுக்கே அது கவலை. அலாவுதீனுக்கோ அதைவிடப் பெரிய கவலை. அவர் மனைவி ஆசியா பீவிக்கு எட்டாம் மாதம். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறக்கும்போதே போய்விட்டன. மூன்றாவதான சபூரா மட்டும் புஷ்பவள்ளி கையில் பிறந்து, இன்று வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். இந்த நாலாவதுக்கு அந்தக் கை இல்லாமல் போய்விடுமோ என்று அவர் பயந்தார். வெளியே சொல்லவில்லை.

"ஒரு மனு போட்டா உத்தரவு பறந்துடும்" என்று மட்டும் தெருவில் சொன்னார்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். சுகாதாரத் துரையின் தந்தை போன்ற கருணை, கடல் போன்ற அறிவு, ஏழைகள் மேல் அவர் சொரியும் அருள் எல்லாம் ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசியில் மருத்துவச்சியின் மாற்றத்தை மறுபரிசீலிக்கப் பணிவுடன் வேண்டி இரண்டு வரி. இருபத்திரண்டு வியாபாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். தம் வாழ்நாளின் சிறந்த மனு இதுதான் என்று அலாவுதீன் முடிவு கட்டினார்.

எட்டாம் நாள் பதில் வந்தது. சூலியா தெரு வியாபாரிகளின் அன்பான வார்த்தைகளுக்குத் துரை நன்றி சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட பாராட்டு மடலைக் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். புஷ்பவள்ளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனிதர் பந்தலைப் பார்த்தார், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

வீட்டில் ஆசியா பீவி கேட்டாள். "அந்த மனுவுல புஷ்பவள்ளி அக்காவப் பத்தி எத்தன எடத்துல எழுதுனீங்க மச்சான்?"

"ஒரு எடத்துல."

"தொரையப் பத்தி?"

அலாவுதீன் நகலை எடுத்து எண்ணிப் பார்த்தார். பதினொன்று.

"தொரையா வந்து எனக்குப் பிரசவம் பாக்கப் போறாரு?"

மாற்றத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. நோட்டைத் திறந்து புதிதாகத் தொடங்கினார்.

அப்போதுதான் சங்கடம் புரிந்தது. நோட்டில் இருந்த சொற்களெல்லாம் கீழே நின்று மேலே பார்த்துச் சொல்பவை. ஒரு மருத்துவச்சிக்குப் பொருந்த அதில் ஒன்றும் இல்லை. 'விசுவாசமான ஊழியம்' என்று அடித்துப் பார்த்தார். துரைமார் சமையல்காரனுக்கு நற்சான்று தரும்போது எழுதுவது அது. கிழித்துப் போட்டார். 'ஒப்பற்ற மேன்மை' என்று போட்டால் இராணிக்குச் சொன்னது போல இருந்தது, படிக்கிறவன் சிரிப்பான். வியந்து மதிப்பதற்கான 'அட்மைர்' என்ற சொல்லைப் பத்திரிகையில் பந்தயக் குதிரைக்கும் தொப்பிக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார். அதை இவளுக்குப் போடலாமா? சொல்லுக்கு அடியில் காரணம் இருந்தால் போடலாம் என்று தோன்றியது. காரணம்தான் அவருக்குத் தெரியாது.

"சபூரா பொறந்தன்னிக்கு உள்ள என்ன நடந்துச்சு?" என்று மனைவியிடம் கேட்டார். மூன்று வருஷத்தில் முதல் முறையாகக் கேட்கிறார்.

"புள்ள மூச்சு விடல. எல்லாரும் அழ ஆரம்பிச்சுட்டாங்க. அக்கா மட்டும் அழல. வாயோட வாய வச்சு ஊதுனாங்க. தேச்சாங்க, திருப்பிப் போட்டாங்க, மறுபடி ஊதுனாங்க. போதும் வுட்டுடுன்னு எங்க மாமி சொன்னாங்க. அக்கா கேக்கல. அது அழுத பெறகுதான் செவுத்துல சாஞ்சாங்க."

அன்று அலாவுதீன் வாசலில் நின்று, குழந்தை அழுகிற சத்தத்தை மட்டும் கேட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தவர். வெட்கமாக இருந்தது. அவள் சொன்னதை அப்படியே, அலங்காரம் இல்லாமல், இங்கிலீசில் அடித்தார். அடியில் ஒரு வரி: இதனால் நாங்கள் இவரை மதிக்கிறோம், இவரைக் கண்டு வியக்கிறோம், இவர் எங்களுக்கு வேண்டும். அந்த இடத்தில் 'அட்மைர்' கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆனால் 'நாங்கள்' என்றால் யார்? கண்ணால் காணாத வியாபாரிகள் இதற்குச் சாட்சி ஆக முடியாது. மனு எழுதுகிறவருக்கு அது தெரியாதா? கண்டவர்கள் பெண்கள். அந்தத் தெருவிலோ பெண் பேரை வெளியே சொல்கிற வழக்கமே கிடையாது. அலாவுதீனே மனைவியை 'வீட்டுல' என்றுதான் குறிப்பிடுவார். இரவெல்லாம் அல்ல, ஒரு டீ குடிக்கிற நேரம்தான் யோசித்தார். பிறகு மை டப்பாவை ஆசியா பீவியிடம் கொடுத்தார். எட்டு மாத வயிற்றோடு அவள் பின்கட்டு வழியாகவே, புஷ்பவள்ளி பிரசவம் பார்த்த வீடு வீடாகப் போய், பத்தொன்பது பெருவிரல் ரேகைகளோடு திரும்பினாள். முதல் பேர் அவளுடையது.

செய்தி கேட்டுத் துணிக்கடை அப்துல் அஜீஸ் கொதித்துப்போனார். "பொம்பளைங்க பேர ஆபீசுக்கு அனுப்புறதா? என்ன தம்பி இது, மானக்கேடு லா!"

"பிரசவத்துக்குள்ள நீங்க இருந்திருந்தா ஒங்க பேரையே போட்டிருப்பேன் அண்ணே."

அடுத்த வாரம் ஒரு காலைப் பொழுது, தெரு நிறைந்து வியாபாரம் நடக்கும் நேரம், சுகாதார அலுவலகத்துப் பியூன் சைக்கிளை நிறுத்தி உரக்கக் கூப்பிட்டான். "ஆசியா பீவி! ஆசியா பீவி யாரு? சூராட் வந்திருக்கு, கடுதாசி!"

தெருவே திரும்பியது. அலாவுதீனுக்குக் காது சுட்டது. ஆனாலும் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எங்க வீட்டுக்காரிதான். குடு."

"அவங்க கையிலதான் குடுக்கணும் பாய். தொரை உத்தரவு."

வீட்டுக்குக் கூட்டிப் போனார். ஆசியா பீவி திரைக்குப் பின்னாலிருந்து கை நீட்டி வாங்கிக்கொண்டு, பியூன் போனதும் கணவரிடம் கொடுத்தாள். அவர் முதல் வரியை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, அவசரமாகக் கண்ணைக் கீழ் வரிகளுக்கு ஓட்டினார்.

"மாத்தல ரத்து பண்ணிட்டாங்க. புஷ்பவள்ளி எங்கயும் போகல!"

ஆசியா பீவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அலாவுதீனும் அழுதார். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மேல என்னமோ வாய்க்குள்ளயே படிச்சீங்களே, அது என்ன?"

"அது... டியர் மேடம்னு. மதிப்புக்குரிய அம்மையாருக்குன்னு அர்த்தம்."

"யாரச் சொல்லுறாரு?"

ஆயிரம் மனு எழுதியவர் அந்த மேல் வரியை இன்னொரு தரம் பார்த்தார்.

"ஒன்னத்தான்" என்றார்.

ஆசியா பீவி திரையை விலக்கி முன்கட்டுக்கு வந்து, அவர் வீட்டில் வைத்து எழுதும் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த மொத வரிலேருந்து படிங்க" என்றாள். "சத்தமா."