ஒயின் குறுக்கெழுத்தும் சிவப்புக் கையும்

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் டேனியல் அண்ணன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பட்டில் ஏறும் சாயம் தோலிலும் ஏறும். சோப்புப் போட்டாலும் நாலு நாளைக்குப் போகாது. போன கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், குடித்துக்கொண்டே சாயம் போட்டவர், ஈரக் கையால் தன் மனைவி பிரவீனா அக்காவை அறைந்தார். ஒரு பல் விழுந்தது. மறுநாள் சர்ச்சில் அக்காவின் கன்னத்தில் ஐந்து விரலும் அரக்குச் சிவப்பாகத் தெரிந்தன. அன்றே வாலாஜாபாத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

"நான் அடிக்கலபா, குடிதான் அடிச்சுது" என்று அண்ணன் எல்லாரிடமும் சொன்னார். தானும் அதை நம்பினார். குடியை விட்டார். மாலையில் குடி நினைப்பு வந்தால் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை எடுத்துக்கொள்வார். ஆறு மாதம் இப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையோடு வந்தார். சரியாக இருந்தால் தங்குவது, இல்லையென்றால் ஏழு மணி பஸ்.

அன்று பார்த்துக் குறுக்கெழுத்து முழுக்க ஒயின். அண்ணன் சிரித்துவிட்டார்.

"இருபது வருஷமா ஒயின் ஷாப்புக்குப் போனேன், பிரவீனா. ஒயினைக் கண்ணால பாத்ததில்ல."

"படி, கேக்கறேன்."

"நாக்கைச் சுருக்கும் ருசி. அஞ்செழுத்து."

"துவர்ப்பு. கடுக்காய் கடிச்சா இருக்குமே."

"சிவப்பு ஒயினில் வரும் பழ வாசனை, நாக்கை ஊதா ஆக்கும். மூணெழுத்து."

"நாவல்." அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவசர வேலை என்பதால் அன்றும் சாய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் நடுநடுவே எழுந்து நூலைப் புரட்டிவிட்டு வந்து எழுதினார். பேப்பர் ஓரமெல்லாம் சிவப்பு விரல் ரேகை.

அப்போதுதான் வேல்முருகன் வந்தான். அண்ணனோடு தினமும் குடித்தவன்.

"என்னா டேனியலு, பேப்பர்ல ஒயின் எழுதினா போதை ஏறுதா?" கையில் இருந்த குவாட்டரைக் கட்டங்களின் மேல் ஊற்றினான். அண்ணன் நனைந்த பேப்பரை எடுத்து உதறினார். அவன் அக்காவைப் பார்த்தான். "இன்னாமா, கன்னம் வெளுத்துப்போச்சே. மறுபடி பூசிக்க வந்துட்டியா?"

அண்ணன் அவன் கழுத்தைப் பிடித்தார். தலையைச் சுவரில் மோதினார். இரண்டாவது மோதலில் மூக்கு உடைந்தது. இழுத்துக்கொண்டு போய்க் கொதிக்கிற அண்டாவின் மேல் முகத்தைக் குனிய வைத்தார். வேல்முருகன் அலறினான், ஆவியில் புருவம் வெந்தது. அக்கா இரண்டு கையாலும் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் முழங்கையால் அவரையும் தள்ளினார். அக்கா போய்த் தூணில் விழுந்தார். அந்தச் சத்தத்தில்தான் பிடி விட்டது.

வேல்முருகன் தரையில் தவழ்ந்து வெளியே போனான். அவன் கழுத்தில் ஐந்து விரல் சிவப்பு.

அண்ணன் மூச்சு வாங்கினார். "உன்னைப் பேசினான் பிரவீனா. உனக்காகத்தான்..."

அக்கா கிட்டே வந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"இன்னிக்கு நீ ஒரு சொட்டுகூட குடிக்கலியே."

தெருமுனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு மணி பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அண்ணன் பின்னால் போகவில்லை.