தங்கை பார்க்காத சுவர்

என் தங்கை கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் கம்பெனியில் இருக்கிறாள். படம் பார்ப்பதுதான் வேலை. சொந்தக்காரர்கள், "உக்காந்து படம் பாக்கச் சம்பளமா, கொடுத்து வச்சவடி நீ" என்று கேலி செய்வார்கள். நாற்பது வயதுக்கு மேல், படிப்பு இல்லாத அவளை வேறு எங்கும் எடுக்கவில்லை என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த விளையாட்டில் ஆடுகிறவருக்கு ஒரு வீடு உண்டு. சுவரில் மாட்டும் படங்களை மிஷினே ஆளுக்குத் தகுந்தபடி வரையும். அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு படம், ஒன்றன்பின் ஒன்றாக. பொத்தானைத் தட்டினால்தான் அடுத்தது வரும். எதில் அதிக நேரம் நிற்கிறோமோ அது பிடித்த படம். பிடித்தவற்றை ஜோடி சேர்த்து, கொஞ்சம் மாற்றி, அடுத்த பன்னிரண்டைப் பெற்றெடுக்கும். மற்றவற்றின் வம்சம் அதோடு சரி. அவள் மூன்று முறை சொன்ன பிறகே எனக்கு விளங்கியது.

மதியம் பன்னிரண்டு ஆனால் நாங்கள் கை வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பிரார்த்தனைக்கு எழுந்துவிடுவோம். அம்மா பழக்கியது. அவளும் கம்பெனியில் மாடிப்படி ஓரம் போய் நிற்பாள். பத்து நிமிடம் ஆகும். திரையில் இருந்த படம் இருந்தபடியே இருக்கும்.

முதல் நாள் அது ஒரு சாம்பல் நிறச் சுவர். அவளுக்கு அதுதான் உயிர் என்று மிஷின் நினைத்துக்கொண்டது. மறுநாள் வந்ததில் பாதி சுவர். அதிலொன்று பன்னிரண்டு மணிக்கு மாட்டிக்கொண்டது. ஆறு மாதத்தில் பூவும் வானமும் பூண்டோடு அழிந்தன. காலை முதல் மாலை வரை, கதவில்லாத சுவர்கள்.

"மூச்சு முட்டுதுக்கா" என்றாள் ஒரு நாள்.

புதிதாக ஆரம்பித்துத் தரும்படி மேலாளரிடம் கேட்டிருக்கிறாள். எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று அழைக்கும் மனிதர்.

"அழிக்கிறதா? உங்க ரசனையத்தாம்மா இந்த விளையாட்ட வாங்க வர்றவங்ககிட்ட காட்டப் போறோம். மிஷின் இவ்வளவு சுத்தமா ஒருத்தர் ரசனையப் பிடிச்சதே இல்ல."

"அது என் ரசனை இல்ல சார். நான் சாமி கும்பிடப் போயிருந்தேன்."

"அத அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

பொய் அவளுக்கு வராது. வேலை போனால் போகட்டும், சுவர் விட்டால் போதும் என்று துணிந்துவிட்டாள். வந்தவர்கள் கேட்டதும், "எனக்கு இது பிடிக்கவே பிடிக்காதுங்க" என்று நடந்ததைச் சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரருக்கு முகம் வெளுத்தது.

வந்தவர்களில் மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆள் எழுந்து போனாலும் மிஷின் கத்துக்குதா? பலே! இதை நிறுத்தாம இப்படியே ஓட விடுங்க. எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்."

இப்போது அவளுக்கு எழுத்தில் உத்தரவு: மதியம் எழுந்து போகும்போது திரையை அணைக்கக் கூடாது.

நேற்று வந்திருந்தாள். கண்ணை மூடிக் கைகூப்பினால் சுவர்தான் முதலில் வருகிறதாம்.

"அங்கயே நின்னு சாமிகிட்ட ஒரு ஜன்னல் கேளுடி" என்றேன்.

"கேட்டுக்கிட்டுத்தான்க்கா இருக்கேன்" என்று பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.