அத்தையின் அணுக்கடிகாரங்கள்

அந்த இரண்டு பெட்டிகளில் எது பொய் சொல்கிறது என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. தெரிந்ததைச் சொல்லியிருந்தால் அத்தைக்கு நாலைந்து நாள் மிச்சமாகியிருக்கும். நான் சொல்லவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. இயற்பியல் படித்துவிட்டு பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்லி, வேலையை விடவைத்து ராஜபாளையத்துக்கு அழைத்து வந்தார்கள். அவள் வந்த இரண்டாம் மாதம் மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்கள். பிறகு இரண்டு வருஷமாக எங்களோடுதான் இருந்தாள். அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் அந்த ஒரே கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் அவள் பெயருக்கு லாரி பார்சலில் மரப்பெட்டி ஒன்று வந்தது. பெங்களூரில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்த பெரியவர் அனுப்பியிருந்தார். உள்ளே வைக்கோலுக்கு நடுவே ரொட்டி டப்பா அளவில் இரண்டு இரும்புப் பெட்டிகள். ஏதோ பழைய வயர்லெஸ் நிலையத்தில் உபயோகம் முடிந்து கழித்துப் போட்ட அணுக்கடிகாரங்கள் அவை. கூட ஒரு கடிதம். அவருடைய நேரம் அளக்கும் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது, ஆனால் இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவளை எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். இந்த இரண்டையும் எழுப்பி, ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்து, நாற்பது நாள் விடாமல் குறிப்பு எழுதி அனுப்பினால் தன்னால் வாதாட முடியும் என்று எழுதியிருந்தார்.

தெருவில் செய்தி பரவி, உலகத்திலேயே தவறாத கடியாரம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பெட்டியில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. "இதுல மணி எம்புட்டு?" என்று கேட்டவர்களுக்கு அம்மா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

இரண்டும் ஒத்து ஓடுகின்றனவா என்று பார்க்க, மின் அலையைத் திரையில் காட்டும் ஒரு பழைய ஸ்கோப்பை அத்தை இரவல் வாங்கி வந்திருந்தாள். அதன் பச்சைத் திரையில் இரண்டு அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். மேலே இருப்பது இடப் பெட்டியின் அலை, கீழே வலப் பெட்டியின் அலை. இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் திரையில் அசையாமல் நிற்கும். ஒன்று ஒரு பொட்டு முந்தினாலும் கீழ் அலை மெல்ல ஒரு பக்கமாக நகரும். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பா இரண்டு லாரி பேட்டரிகள் கொண்டுவந்து இணைத்துக் கொடுத்தார். அதனால் கரண்ட் போனாலும் ஸ்கோப்தான் அணையும், பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். காற்றுப் படாமலிருக்க அத்தை ஒவ்வொரு பெட்டிக்கும் தெர்மாகோலில் ஒரு மூடி செய்து கவிழ்த்தாள். கவிழ்த்த பிறகு அதைத் திறப்பதே இல்லை.

"இதுக்குள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்குட்டி. அதுல இருக்குற ஆவி ஒரே தாளத்துல ஆடும். சூடு மாறுனா தாளம் மாறும். காந்தம் பக்கத்துல வந்தாலும் மாறும். ஒன் வெளையாட்டுச் சாமான் ஒண்ணும் இங்கன கொண்டாரக் கூடாது, என்ன?"

நான் தலையாட்டினேன்.

இரண்டு மூன்று வாரத்தில் அலைகள் அடங்கிவிட்டன. காலையில் பார்த்த இடத்திலிருந்து மாலைக்குள் ஒரு நூல் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். காலை ஏழு மணி, பகல் ஒரு மணி, மாலை ஆறு மணி என்று அன்றிலிருந்து அத்தை ஒரு நீள நோட்டில் எழுதினாள். அந்த நாட்களில் அவள் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன். அதற்கு முன் அவளுக்கு அப்படிச் சிரிக்க வரும் என்பதே எனக்குத் தெரியாது.

இருபத்திரண்டாம் நாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார், "எல்லாம் சரியா வருதா தாயி?"

"வருதுண்ணே. இப்படியே போனா அடுத்த மாசம் நான் பெங்களூர்ல இருப்பேன்."

"போ. இங்கன இருந்து என்னத்தக் கண்ட."

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இனிமே நீதான் தனியா ஒக்காந்து படிக்கணும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பா ஷிப்ட், அம்மா அடுப்படி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு இருந்தது அத்தை மட்டும்தான். அன்று மாலை அவள் குளிக்கப் போனபோது, அப்பாவின் சாமான் பெட்டியிலிருந்து உடைந்த ஸ்பீக்கர் ஒன்றின் வட்டக் காந்தத்தை எடுத்தேன். வலப்பக்கத்துத் தெர்மாகோலைத் தூக்கி, பெட்டியின் தலையில் வைத்தேன். டக்கென்று அது ஒட்டிக்கொண்ட சத்தத்தில் எனக்கே பயமாகிவிட்டது. மூடிவிட்டு வெளியே ஓடினேன். நாற்பது நாள் முடியட்டும், அந்த இடத்துக்கு வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளட்டும், அப்புறம் காந்தத்தை எடுத்துவிடலாம். எடுத்தால் கடிகாரம் பழையபடி ஆகிவிடும் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை கீழ் அலை ஓடிக்கொண்டிருந்தது. அரைமணிக்கு ஒரு முறை முழு அலை ஒன்று கடந்து போனது. அத்தை ஸ்கோப்பைத் தட்டிப் பார்த்தாள். ஒயர்களை மாற்றினாள். பேட்டரித் தண்ணீரைச் சோதித்தாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். அலை நிற்கவில்லை. இரண்டே பெட்டிகள் இருப்பதில்தான் சிக்கல். ஒத்துப்போகவில்லை என்று திரை சொல்லும். எது கெட்டது என்று சொல்லாது.

"எது பொய் சொல்லுதுன்னு தெரியலையேட்டி," என்றாள் என்னிடம். பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கேட்க வேறு ஆள் இல்லாமல் கேட்டாள்.

நான் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

இடப் பெட்டிக்குள் குப்பிக்கு வெளிச்சம் தரும் விளக்கு கொஞ்சம் பழசு என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த இடப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு நாள் அதன் திருகுகளைத் திருப்பினாள், எழுதினாள், மறுபடி திருப்பினாள். நன்றாக இருந்ததும் கெட்டது. அம்மா வைத்த தட்டு ஆறிக் கிடந்தது. மூன்றாம் நாள் அவள் சுவரில் தலை சாய்த்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவள் பின்கட்டுக்குப் போன நேரம் பார்த்து காந்தத்தைப் பிய்த்தெடுத்துக் கிணற்றில் போட்டேன். எல்லாம் சரியாகிவிடும் என்று ஸ்கோப்பின் முன் வந்து உட்கார்ந்தேன்.

அலை ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாளும் ஓடியது. காந்தத்தை எடுத்துவிட்டாலும் அது இரும்பு உறையில் தன் சக்தியில் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்றுதான் அத்தை வலப்பக்கத்து மூடியையும் திறந்தாள். கடையில் வாங்கிய ஒரு பொம்மைத் திசைகாட்டியை அதன்மேல் மெல்ல நகர்த்தினாள். ஓர் இடத்தில் முள் சுழன்று எதிர்ப்பக்கம் திரும்பியது. அந்த இடத்தில் துருவின் நிறத்தில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. அவள் அதை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். பிறகு முந்தானையால் துடைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஏறிய காந்தத்தை இறக்க ஒரு பெரிய ஒயர்ச் சுருள் வேண்டும். கலர் டி.வி. பழுது பார்ப்பவர்களிடம் அது இருக்கும் என்று அவளும் நானும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அங்கே டி.வி. கடை வைத்திருந்த பாய் முழுக்கக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"டி.வி. மூலையில பச்சை அடிச்சா இத வச்சுத்தாம்மா எடுக்கோம். ஒங்க பொட்டிக்கு ஆகுமா ஆகாதான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நானே நாளைக்குக் காலைல வாரேன்."

சொன்னபடி வந்தார். பெட்டிகளை அணைத்தார்கள். சுருளில் கரண்ட் விட்டதும் அது உறுமியது. அத்தை அதைப் பெட்டியின்மேல் வட்டமாகச் சுற்றி, மெல்ல மெல்லப் பின்னால் நகர வேண்டும். வாசல்வரை போன பிறகுதான் அணைக்க வேண்டும். பாதியில் நின்றால் அந்த நொடியில் இருக்கும் காந்தம் அப்படியே பெட்டியில் தங்கிவிடும்.

அவள் இரண்டாவது அடி வைக்கும்போது கரண்ட் போனது.

உறுமல் நின்ற அமைதியில் பக்கத்து வீட்டு அம்மியின் சத்தம் கேட்டது. அத்தை சுருளைக் கையில் பிடித்தபடி நின்றாள். பாய் அதை வாங்கித் தரையில் வைத்தார். அவள் பெட்டிகளை எழுப்பி, கரண்ட் வருவதற்காகக் காத்திருந்து, ஸ்கோப்பைப் போட்டாள். அலை மூன்று நிமிஷத்துக்கு ஒன்று என்று பறந்தது.

"நான் எதத் தொட்டாலும் பாதியில நிக்கி பாய்," என்றாள் அத்தை.

"அப்படிச் சொல்லாதம்மா. செத்த நேரம் இரு, பொறவு இன்னொரு தடவை பாப்போம்."

மத்தியானம் மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை கரண்ட் போகவில்லை. திசைகாட்டி முள் பெட்டியின்மேல் எங்கே வைத்தாலும் வடக்கையே காட்டியது. பாய் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அணைத்து எழுப்பிய கடிகாரம் பழைய இடத்தில் வந்து உட்காராது என்று அவளுக்குத் தெரியும். அடங்க மறுபடி வாரக்கணக்கில் ஆகும். போதாததற்கு இடப் பெட்டியின் திருகுகளையும் அவளே கலைத்திருந்தாள். மிச்சம் இருந்தது பத்துப் பன்னிரண்டு நாள். அலை ஒரு நாள் முன்னே போனது, ஒரு நாள் பின்னே வந்தது. அவள் மூன்று வேளையும் தவறாமல் எழுதினாள். சாவு வீட்டில் வேலை செய்கிறவர்கள்போல முகத்தில் ஒன்றும் இல்லாமல் எழுதினாள்.

நாற்பதாம் நாள் தபாலில் அனுப்ப நோட்டைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். அவள் கயிறு தேடப் போனபோது நான் பிரித்துப் பார்த்தேன். கெட்ட நாட்களின் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அங்கே சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: "வலப் பெட்டியில் வெளிக் காந்தம் பட்டது. என் கவனக்குறைவு."

அத்தைக்குத் தெரியாது, தன் தப்பு என்றே நினைத்துவிட்டாள் என்ற நிம்மதியில் இரண்டு முறை படித்தேன். கடிகாரத்தின் அருகே காந்தத்தை விட்டவளுக்குக் கடிகாரம் பார்க்கும் வேலையை யாரும் தரமாட்டார்கள் என்பதும், அதைத் தெரிந்தேதான் அவள் அந்த வரியை எழுதினாள் என்பதும், வேறு எதை எழுதினாலும் அது என்னிடம் வந்து நிற்கும் என்பதும் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

பெரியவரின் பதில் மூன்று வரியில் வந்தது. அத்தை அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். அந்த மாதமே வத்திராயிருப்பிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். "ஒனக்குச் சம்மதமா தாயி?" என்று அப்பா கேட்டார். "சரிண்ணே," என்றாள். கடிகாரங்களைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று புதுப் பாவாடை கட்டிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடினேன். வத்திராயிருப்பு எவ்வளவு தூரம் என்று அப்பாவிடம் கேட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அங்கிருந்து இன்னொரு பஸ், அம்புட்டுதான் என்றார். பெங்களூரைவிட எவ்வளவு பக்கம் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மணவறைக்கு ஓடி, மாலையோடு குனிந்திருந்த அத்தையின் காதில் அதைச் சொன்னேன்.