இரண்டு தட்டினால் நிறுத்து

கவின், தாரணி, சின்னவனே, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் படியுங்கள். போன வாரம் தாரணி என்னிடம், "ஏன்பா, போற வீட்டுல எல்லாம் ஸ்டோர் ரூம் வரைக்கும் தொறந்து காட்டச் சொல்றீங்க, அவங்களுக்குக் கோவம் வராதா?" என்று கேட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், உடம்பெல்லாம் வலி வேறு, "சும்மாதான்மா" என்று சொல்லிவிட்டேன். சும்மா இல்லை. வாயால் சொல்லலாம் என்றால் கவின் பாதியிலேயே சிரித்துவிடுவான். அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் படிவம் வரைக்கும்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை. பதினெட்டு வருடமாக மற்றவர்கள் வீட்டுக் கூரைக்கு அடியில் தவழ்ந்து பிழைக்கிறேன். செத்த எலி பார்த்திருக்கிறேன், பாம்புச் சட்டை பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டில் யாரோ ஒளித்துவைத்து மறந்துபோன பல்செட்டுகூடக் கிடைத்தது. எந்தச் சத்தம் கேட்டாலும் இன்னது என்று சொல்வேன். வெயில் இறங்கினால் தகரம் சுருங்கும், டக்கென்று ஒரு சத்தம் வரும். பல்லி ஓடினால் வேறு மாதிரி. இதையெல்லாம் பேய் என்று சொன்னால் என் தொழிலில் ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான்.

என் வேலை என்னவென்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். சில பெரிய வீடுகளில் அறைக்கு அறை ஏர்கோன் இருக்காது. ஒரே பெரிய மெஷின், அதிலிருந்து கூரைக்குள் தகரக் குழாய் கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வோர் அறைக்கும் போகும். காற்று வந்து விழுகிற இடத்தில் ஒரு கிரில் இருக்கும், அவ்வளவுதான் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியும். கடலோர வீடு என்றால் அந்தக் குழாய்க்குள் உப்பும் ஈரமும் சேர்ந்து கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும். பிரஷ் விட்டுத் தேய்த்து, உறிஞ்சி எடுத்து, கடைசியில் பூஞ்சை மருந்தைப் புகையாக உள்ளே விடவேண்டும். அதற்கு முன்னால் எல்லா கிரில்லையும் பிளாஸ்டிக் ஒட்டி மூடவேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் மருந்துப் புகை முழுவதும் அந்த அறைக்குள் இறங்கிவிடும். நல்ல நெஞ்சு உள்ளவனே இருமி இருமிச் சுருண்டுபோவான்.

அப்போது என்னோடு வேலை பார்த்தவன் சேகர். என்னைவிட நாலு வயது சின்னவன், எடை மட்டும் இரண்டு மடங்கு. அதனால் மேலே ஏறுவது எப்போதும் நான்தான், கீழே சுவிட்ச் பக்கத்தில் அவன். கூரைக்குள் முகமூடி போட்டுக்கொண்டு கத்தினால் எதுவும் கேட்காது, எனவே நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் குழாயைத் தட்டுவோம். மூன்று தட்டினால் காற்றைத் திறந்துவிடு. இரண்டு தட்டினால் நிறுத்து. வேறு எந்தக் குழுவும் இப்படித் தட்டி நான் பார்த்ததில்லை, இது எங்கள் இருவருக்குள் இருந்த கணக்கு.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. தஞ்சோங் பூங்கா என்கிற ஊரில் கடலைப் பார்த்த பழைய பங்களா. ஷாமளா என்று ஒரு டீச்சர் அந்த வருடம்தான் வாங்கிக் குடிவந்திருந்தார். கணவருக்குக் கப்பலில் வேலை. ஒரே மகள் தர்ஷினி, ஆறு வயது. அந்தப் பிள்ளைக்கு இழுப்பு. குடிவந்ததிலிருந்து அதிகமாகிவிட்டதாம், இரண்டு முறை ஆஸ்பத்திரியில் வைத்து மூச்சு கொடுத்திருக்கிறார்கள். "டாக்டர் வீட்டுக் காத்தச் செக் பண்ணச் சொன்னாருண்ணே. எப்படியாச்சும் சுத்தம் பண்ணிக் குடுங்க" என்று என் கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். எல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான்.

எத்தனை கிரில் என்று கேட்டேன். பத்து என்றார். பின்பக்கம் ஒரு கதவு மூடியிருந்தது. "அது ஸ்டோருண்ணே, ஏர்கோன் இல்ல, ஒரே சாமானா இருக்கு" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் அப்பா தப்புச் செய்தேன், மறைக்கமாட்டேன். வீட்டுக்காரர் எத்தனை சொன்னாலும் கூரைக்குள் குழாயோடு தவழ்ந்து போய்க் கிளைகளை நானே எண்ணவேண்டும். அதுதான் முறை. அன்று அந்த வாரத்தின் ஆறாவது வீடு, முட்டி இரண்டும் வீங்கியிருந்தது, கூரைக்குள் அடுப்புச் சூடு. பின்பக்கம் போகாமல் முன்னால் தெரிந்ததை மட்டும் எண்ணினேன். பத்து. அவர் சொன்னதும் பத்து. போதும் என்றிருந்தது.

"அண்ணே, மூஞ்சியே சரியில்ல, நான் வேணா ஏறட்டுமா?" என்றான் சேகர்.

"நீ ஏறினா சீலிங்கும் சேர்ந்து எறங்கும்டா. கீழயே இரு."

"அப்ப கொழுப்புலயும் ஒரு நன்மை இருக்கு லா" என்று சிரித்தான்.

காலை ஒன்பதிலிருந்து தேய்த்தோம், உறிஞ்சினோம். நான் மூன்று தட்டுவேன், அவன் திறப்பான். இரண்டு தட்டுவேன், நிறுத்துவான். அப்படி எத்தனையோ முறை. மதியம் இரண்டரைக்குப் பத்து கிரில்லும் மூடியாயிற்று, மருந்து விடும் வேலைதான் பாக்கி. டீச்சரிடம் எல்லோரும் வெளியே இருக்கவேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தோம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார். அதைக் காலையில் நானே பார்த்தேன்.

மருந்துக் குழாயைப் பொருத்திவிட்டு, மூன்று தட்டுவதற்காக ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கினேன். தூக்கிய கை இறங்கவில்லை, அதற்குள் தட்டும் சத்தம் கேட்டது.

டங். டங்.

என் முட்டிக்குக் கீழே இருந்த தகரம் அதிர்ந்தது. சத்தம் வந்தது பின்பக்கமிருந்து. சேகர்தான் கீழேயிருந்து நிறுத்தச் சொல்கிறான் என்று நினைத்தேன். ஒண்ணுக்குப் போகிறான் போல என்று திட்டிக்கொண்டே காத்திருந்தேன். நம்புங்கள், அந்தச் சூட்டில் எனக்குக் கண்கூடச் சொருகியது. பத்து நிமிடம் ஆனது, ஒன்றும் இல்லை. கோபத்தோடு இறங்கினேன். சேகர் சுவிட்ச் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"எதுக்குடா நிறுத்தச் சொன்ன?"

"நானா? நீங்கதானேண்ணே ரெண்டு தட்டுனீங்க. அதான் கைய எடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

"நான் தட்டல."

"வெளையாடாதீங்கண்ணே. பின்னாலேருந்து கேட்டுச்சு."

அவன் முகத்தைப் பார்த்தேன், பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும், அன்று சிவக்கவில்லை. பிறகு என்ன சொல்லிக்கொண்டு போனோம் என்று ஞாபகமில்லை, இருவரும் பின்பக்கம் நடந்தோம். மூடியிருந்த ஸ்டோர் கதவைத் திறந்தேன்.

பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மெத்தையைப் போட்டு, அதில் தர்ஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் மூச்சு மருந்து டப்பா. அவள் தலைக்கு நேர் மேலே, கூரையில், அலமாரி மறைவில் பதினோராவது கிரில். பிளாஸ்டிக் இல்லை. திறந்து கிடந்தது.

மூன்று தட்டு நான் தட்டியிருந்தால் அந்தச் சின்ன அறை அரை நிமிடத்தில் நிறைந்திருக்கும். கதவும் மூடி.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சர் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டார். பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள், பிள்ளைக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. எங்களிடம் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுப் போய்விடுவோமோ என்று பயந்து, சொல்லாமல் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து படுக்கவைத்திருக்கிறார்.

"அங்க ஏர்கோன் இல்லேன்னுதாண்ணே... நான் சத்தியமா இல்லேன்னுதான் நெனச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தர்ஷினி விழித்துக்கொண்டு, "அம்மா ஏன் அழுவுறீங்க, வேல முடிஞ்சிருச்சா?" என்று கேட்டது. அவள் தட்டினாளா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். இல்லை, தூங்கிவிட்டேன் என்றது. அந்தக் கூரைக்கு அவள் கை எட்டாது, என் கையே எட்டாது.

டீச்சர் பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர் அக்கா வீட்டுக்குப் போனார். கேட் மூடிய சத்தம் கேட்டது. வீட்டில் நானும் சேகரும் மட்டும், இருவரும் கீழே, ஸ்டோர் வாசலில் நின்றிருந்தோம். என் ஸ்க்ரூ டிரைவர் மேலே கூரைக்குள் கிடந்தது. அவனுடையது அவன் சட்டைப்பையில்.

டங். டங். டங்.

அந்த கிரில்லுக்குள் இருந்துதான். எங்கள் தலைக்கு மேலே. மூன்று.

சேகர் என் தோளைப் பிடித்தான், நகம் பதிந்தது. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், எனக்கு அந்த நேரத்தில் பயத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது. இதற்கு மேல் என்னால் ஓடமுடியாது என்று தோன்றியது. நீளமான ஒயர் முனையில் சின்ன கேமரா ஒன்று வைத்திருப்போம், போனில் படம் தெரியும். அலமாரியை நகர்த்தி, ஏணி போட்டு, கிரில்லுக்குள் அதை விட்டேன். சேகர் போனைப் பிடித்துக்கொண்டான்.

என் கை மட்டும் நுழையும், தோள் நுழையாது, அவ்வளவு சின்னக் குழாய். அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி, மெத்தை விரித்ததுபோல. எலி போயிருந்தால் கால் தடம் இருக்கும், பல்லி போயிருந்தால் வால் கோடு இருக்கும். ஒன்றுமே இல்லை. பக்கச் சுவர் முழுவதும் உப்பும் கறுப்புப் பூஞ்சையும் அடையாகப் பிடித்திருந்தது. அந்த அடையில் ஐந்து சென் காசு அளவில் வட்ட வட்டமாகப் பளபளவென்று தகரம் தெரிந்தது. கடல் காற்றில் தகரம் திறந்து கிடந்தால் சில நாளில் வெள்ளை பூத்துவிடும். அது பூக்கவில்லை, அப்போதுதான் உரிந்த மாதிரி இருந்தது. முதலில் இரண்டு வட்டம். கொஞ்சம் தள்ளி மூன்று.

உள்பக்கம். வெளியிலிருந்து தட்டினால் உள்ளே அப்படி வராது.

"எலிண்ணே" என்றான் சேகர்.

"எலியா?"

"எலின்னு வச்சுக்குவோம்ணே." அதற்குமேல் அவன் போனைப் பார்க்கவில்லை.

படம் பிடித்து வைத்திருக்கலாம். பிடிக்கவில்லை, கை வரவில்லை. அந்தக் கிளையையும் தேய்த்தோம், எல்லாம் பிரஷ்ஷோடு போய்விட்டது. பதினொன்றையும் மூடி மருந்து விட்டு, உறிஞ்சி, நாலரைக்கு முடித்தோம். டீச்சரிடம் தட்டின கதையைச் சொல்லவில்லை, அவர்கள் அந்த வீட்டில் படுத்து எழவேண்டியவர்கள். நாங்கள் தற்செயலாகக் கதவைத் திறந்ததாகத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். தர்ஷினிக்கு அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி இல்லை என்று தீபாவளிக்குச் செய்தி அனுப்புவார்.

சேகர் இரண்டு மாதத்தில் முதுகுவலி என்று சொல்லி நின்றுவிட்டான். இப்போது பத்து காவான் என்கிற ஊரில் ஒரு பெக்டரியில் இருக்கிறான். போன தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் பார்த்தேன், பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன், அவன் மோர் வாங்கி வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை.

காப்பாற்றியது எதுவோ, அதற்கு நன்றி. அதைப் பற்றி எனக்குப் பயமில்லை. ஆனால் ஒன்று மட்டும் இன்றுவரைக்கும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் தொடங்கு, இதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்படியென்றால் காலை ஒன்பது மணியிலிருந்து அது அந்த இருட்டுக்குள் இருந்துகொண்டு எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் தட்டுவதற்கும் காற்று வருவதற்கும் உள்ள சம்பந்தத்தை ஒவ்வொரு தடவையும் கவனித்துக் கற்றிருக்கிறது. இப்போதும் ஒரு கூரைக்குள் தட்டும்போது, யார் கேட்டுக் கற்றுக்கொள்கிறார்களோ என்று கை ஒரு நொடி நிற்கிறது.

அன்று வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நீங்கள் மூன்று பேரும் ஹாலில் காற்றாடிக்குக் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள், டிவி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் டிவியை அணைத்தேன், கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். பிறகு வீங்கின முட்டியை மடக்கி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் மூக்குக்குக் கீழேயும் விரலை வைத்து, பத்து மூச்சு வரைக்கும் எண்ணினேன்.