சந்தேக நபரின் பெயர்

நீதிமன்றப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால், சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லும் வசதி எனக்கில்லை.

லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்காகியும், எங்கள் நிர்வாகக் குழுத் தலைவர் நீண்ட அறிக்கைகளை மட்டுமே வெளியிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பெயரில், அவர் படத்தோடு, முகநூலில் ஒரு கணக்குத் திறந்தேன். ‘படியேறுவது முழங்காலுக்கு நல்லது, குடியிருப்பாளர்கள் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும்’ என்று அவருடைய தோரணையிலேயே அறிவித்தேன். வேடிக்கை என்றுதான் நினைத்தேன். சனங்கள் நம்பிவிட்டார்கள். மூட்டுவலிக்காரர்கள் அவரைப் பாசாரில் காய்கறி வாங்கும்போது நிறுத்தி ஏசினார்கள். பதவி விலகச் சொல்லிக் கையெழுத்து வாங்கவும் தொடங்கினார்கள்.

அவர் என்னிடம்தான் வந்தார்.

“போலீஸ் ரிப்போர்ட்ட நீங்கதான் ஒழுங்கா எழுதித் தரணும் அண்ணே. எவனோ என்னை மாதிரியே எழுதுறான். என் பொண்டாட்டியே நான்தான்னு நெனச்சிட்டா!”

அதைக் கேட்டு ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கணினியைத் திறந்தேன். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, தண்டனைச் சட்டத்தில் ஆள்மாறாட்டம் என்று எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிவிட்டு, மலாய் மொழியில் பிசகில்லாமல் தட்டினேன். சந்தேக நபரின் பெயர் வரவேண்டிய இடம் வந்தது.

“ஒன்பதாம் மாடி டீச்சர் பேரப் போடுங்க. மீட்டிங்ல என்னைக் குடையறது அவங்கதான்.”

“ஆதாரம் இருக்கா?”

“போலீஸ் விசாரிச்சா தானா வந்துரும்லா.”

அரசுப் பள்ளி ஆசிரியை அவர். பெயர் ஏறினால் கல்வி இலாகாவுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும். அந்த நடைமுறையும் எனக்கு அத்துப்படி. ‘அடையாளம் தெரியாதவர்’ என்று போட்டு நழுவப் பார்த்தேன்.

“நீங்க போடலன்னாலும் ஸ்டேஷன்ல நான் வாயால சொல்லத்தான் போறேன்” என்றார்.

அந்த வரியை அழித்துவிட்டு என் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தட்டினேன்.

எட்டிப் பார்த்துச் சிரித்தார். “என்னண்ணே, வயசாயிருச்சா? உங்க பேரப் போட்டுட்டீங்க.”

“சரியாத்தான் போட்டிருக்கேன்.”

சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கச் சற்று நேரமானது. கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“டீச்சர்தான்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டேனே, அண்ணே” என்றார்.

“யார் யார்கிட்ட?”

அவர் ரிப்போர்ட்டை அப்படியே அச்செடுத்துத் தரச் சொன்னார். தந்தேன்.