இடது கை வரைந்த படங்கள்

வகுப்பில் அவளுக்குக் கார்பன் என்று பெயர். முதல் வருடத்தில் யாரோ கேலியாகச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருவர் வரைந்த படங்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் போதும், அடுத்து அவள் வரைவதெல்லாம் அவர் வரைந்தது போலவே இருக்கும். மூக்கை இரண்டு புள்ளியோடு நிறுத்திக்கொள்கிற ஓவியரைப் பார்த்துவிட்டு வந்தால், அந்த வாரம் முழுக்க அவள் படத்தில் யாருக்கும் முழு மூக்கு கிடையாது. வேண்டுமென்று செய்வதில்லை. சளி பிடிக்கிற மாதிரி அது அவளைப் பிடித்துக்கொள்ளும்.

கதைகளுக்கும் புத்தகங்களுக்கும் படம் வரையக் கற்றுத்தருகிற பிரிவு அது. கடைசி வருடத்தில் ஒரே விஷயத்தைப் பற்றிப் பத்துப் படங்களைச் சொந்தப் பாணியில் வரைந்து குழுவின் முன்னால் வைக்க வேண்டும். குழு ஏற்றுக்கொண்டால் ஓவியர் என்று சான்றிதழ். இல்லாவிட்டால் பொதுச் சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவளுக்குச் சான்றிதழ்கூட இரண்டாம்பட்சம். பெயரை மறைத்து ஒரு படத்தை நீட்டினால், “இது அவ வரைஞ்சது” என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் சொன்னால் போதும்.

“வெளியே போய்ப் பாரும்மா. உனக்குள்ள எது ஒட்டுதோ அதை வரை” என்றார் மேடம். வகுப்பை நடத்துகிறவர் அவர்தான்.

அவளுக்குள் எல்லாமே ஒட்டியது, அதுதானே தொல்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து வரைந்தாள். சுவரில் இருந்த விளம்பரத்தின் சாயல் வந்தது. அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய கற்சிலைகளைப் பார்த்துவிட்டு வந்து அண்ணியை வரைந்தாள். அண்ணி வாங்கிப் பார்த்தாள்.

“ஏம்மா, எனக்கு எப்போ மூக்கு உடைஞ்சுது?”

அண்ணன் லாரி ஓட்டுகிறவன், வீட்டில் தங்குவது அபூர்வம். இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். அண்ணிக்குத் துணி ஆல்ட்ரேஷன் கடையில் வேலை. இடுப்பை இறுக்குவாள், கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பாள், பிய்ந்துபோன ஜிப்பை மாற்றுவாள். வேறு எதுவும் பிடிபடாமல் போகவே, அந்தக் கடையையே பத்துப் படமாக வரைவது என்று முடிவு செய்தாள். கைவசம் இருந்த ஓவியப் புத்தகங்களை எல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டாள். போனில் சேர்த்து வைத்திருந்த படங்களை அழித்தாள். வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கடை மூலையில் உட்கார்ந்தாள். அப்போதும் கை, யாரிடமோ கற்ற கோட்டைத்தான் இழுத்தது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் அண்ணிக்கு உதவுகிறேன் என்று எழுந்துபோய், சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தப்பாகப் பிடித்துவிட்டாள். வலது கையில் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“படம் வரையிற கையாச்சே! அறிவிருக்கா உனக்கு?” என்று திட்டிக்கொண்டே அண்ணி மருந்து போட்டாள்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் பேனாவை இடது கையில் எடுத்தாள். கோடு அவள் பேச்சைக் கேட்கவில்லை. போக நினைத்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். தையல் மிஷின் ஒரு காலில் நின்றது. அண்ணியின் ஒரு தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. படத்தை மை காய ஜன்னலோரம் வைத்தாள். அண்ணி அதன் முன்னால் வந்து நின்றவள் நகரவில்லை.

“இது நான்தான். இந்தத் தோள் வலி உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதே இல்லையே.”

மறுநாள் வகுப்பில், மீசை என்று எல்லோரும் கூப்பிடுகிற பையன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவள் எதைப் பார்த்து வரைந்தாலும் அசலைக் கண்டுபிடித்துவிடுகிறவன் அவன்.

“யாரோட பாணி இது? இவரை நான் பார்த்ததே இல்லையே, கார்பன்.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலமே இன்னும் இரண்டு படம் வரைந்தாள்.

கை ஆறிய பிறகும் பேனா வலது கைக்குத் திரும்பவில்லை. இடது கையால் சாப்பிட்டாள், பல் தேய்த்தாள், பக்கம் பக்கமாக வட்டமும் கட்டமும் போட்டுப் பழகினாள். எதையும் முறையாகப் பழகித்தான் அவளுக்கு வழக்கம். மிஷினுக்கு இரண்டாவது கால் முளைத்தது. தோள் இறங்கி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. படம் நாளுக்கு நாள் கைக்கு அடங்கி வருகிறது என்று மகிழ்ந்துபோனாள்.

குழு கூடிய நாளில் மேடம் பத்துப் படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். வெளியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஓவியர், இன்னொருவர் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற பதிப்பாளர். மூவரும் முதல் படத்திலிருந்து மெதுவாக நடந்தார்கள். மூன்றாவது படம்வரை நின்று நின்று பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடை வேகமாகியது. கடைசிப் படத்தின் அருகே ஓவியர் குனிந்தார்.

“இந்த விரல்... இப்படி வரையிறவர் ஒருத்தர் இருக்காரே?”

அவள் பார்த்தாள். நீண்டு, நுனியில் மட்டும் தடித்த விரல். பரண்மேல் கட்டிப் போட்ட புத்தகங்களில் ஒன்றிலிருந்து இறங்கி வந்திருந்தது. ஏழாவது படத்திலும் இருந்தது. ஐந்தாவதில் அது முளைக்கத் தொடங்கியிருந்தது.

“முதல் மூணும் யாரு வரைஞ்சது?” என்று அவரே கேட்டார்.

“நான்தான் சார். எல்லாமே நான்தான்.”

மேடம் பெருமூச்சு விட்டார். “இடது கைக்கும் பாடம் சொல்லிக் குடுத்துட்டியேம்மா.”

மூன்று படம் பத்து ஆகாது. திருத்திக்கொண்டு வா என்று சில வாரம் அவகாசம் தந்தார்கள். நடுங்குகிற கோட்டைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். பேனாவை நுனியில் பிடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாள். நடுங்க வேண்டும் என்று நடுங்கிய கோடு நடிப்பாகத்தானே இருக்கும். அண்ணி அந்தப் படங்களைப் பார்த்து “நல்லா இருக்கும்மா” என்றாள். தோளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“இன்னும் கால் ரெண்டு பாக்கியிருக்கு, முயற்சி பண்ணு” என்றான் மீசை. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சத்தம் போடாமல் போய் டீ வாங்கி வந்தான்.

கிடைத்தது பொதுச் சான்றிதழ்.

அடுத்த மாதம் பதிப்பாளர் கூப்பிட்டார். ஒரு கரடிக் கதைப் புத்தகம். வரைந்துகொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். மிச்சப் பக்கங்களை அவர் மாதிரியே முடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அவள் அவருடைய பக்கங்களை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தாள். பிறகு வலது கையால், ஒரு கோட்டைக்கூட அழிக்காமல் வரைந்து கொடுத்தாள்.

“அற்புதம்! எங்க அவர் நிறுத்தினார், எங்க நீங்க ஆரம்பிச்சீங்கன்னு எங்களுக்கே தெரியலை. இந்த மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருந்தோம். இன்னும் ரெண்டு புத்தகம் இதே மாதிரி நிக்குது” என்றார் பதிப்பாளர். மனதாரச் சொன்னார். அவளும் சரி என்றாள்.

புத்தகம் அச்சாகி வந்தது. அட்டையில் அந்த ஓவியர் பெயர். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக வாங்கிப் புரட்டினாள்.

“இதுல உன் படம் எது?”

அவள் புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைத் தள்ளினாள். கரடி மரத்தில் ஏறியது, ஆற்றில் விழுந்தது, காதைப் பிழிந்தது. ஒரு பக்கத்தில் நிறுத்தினாள், அது இல்லை போலிருந்தது. அடுத்த பக்கம் போனாள், திரும்பவும் முந்தைய பக்கத்துக்கு வந்தாள். அண்ணி காத்துக்கொண்டிருந்தாள்.

“இதுதான் அண்ணி” என்று ஏதோ ஒன்றைக் காட்டினாள்.