மாஸ்டரின் பைபாஸ்

முதலில் மாஸ்டர் ஏறுவார். அதுதான் முறை. கார் அவர் பக்கமாக ஒருமுறை அமுங்கி, முனகி, பிறகு சமாதானமாகும். அப்புறம்தான் ஓட்டப் படிக்க வந்தவர் ஸ்டீயரிங் முன்னால் உட்காரலாம். புதியவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்ப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொள்வார்.

"பயப்படாதீங்க, வண்டி சாயாது. அதுக்கும் எனக்கும் ரொம்ப நாள் பழக்கம்."

இருவரும் சிரித்துவிட்டால் விஷயம் முடிந்தது. "நம்மள பத்தி நாமளே சொல்லிட்டா அடுத்தவனுக்கு வேலை மிச்சம் பாருங்க" என்பது அவர் கொள்கை. அப்படியும் முதுகுக்குப் பின்னால் 'ஃபுல் லோடு' என்றுதான் அவருக்குப் பெயர். அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது.

சீட் பெல்ட் போதாமல் மெக்கானிக் ஒரு ஒட்டுத்துண்டு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அது வயிற்றை அறுக்காமலிருக்க உள்ளே மடித்து வைத்த துவாலை ஒன்று. கற்றுக்கொடுக்கும்போது குரல் ஏறாது. கியர் அலறினால், "வண்டிதான் திட்டுது, நான் திட்டல" என்பார். ஆள் பயந்து நடுங்கினால் சுட்டுவிரலால் ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டுத் திருப்பிவிடுவார். படித்து முடித்தவர்கள் எப்போதாவது சிக்னலில் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியை இறக்கி, "மாஸ்டர்!" என்று கத்துவார்கள். பச்சை விழுந்ததும் போய்விடுவார்கள். நன்றாகப் போகத்தானே கற்றுக்கொடுத்தார்.

மதியச் சாப்பாடு காருக்குள்ளேயே. குடோன் சுவரோரம் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சாப்பிடுவார். ஓட்டலுக்குப் போனால் பக்கத்து மேசைக்காரர்களின் கண் இவர் தட்டில்தான் இருக்கும். "கொஞ்சமா சாப்பிட்டா நடிக்கிறான்னு சொல்வாங்க. வயிறார சாப்பிட்டா, பாத்தியான்னு சொல்வாங்க." அவரும் நடந்து பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார். இறங்கிய எடை ஒவ்வொரு தடவையும் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. துணையோடு அவர் வீட்டுக்கு வந்தது அது ஒன்றுதான்.

பயிற்சிக் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தடுமாறினால் அதுதான் காப்பு. சமீபத்தில் ஒரு பெண் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். மாஸ்டர் காலைத் தூக்கினார். வயிறு இடித்து ஒரு நொடி தாமதம். கார் போய்ச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் டிரைவிங் பள்ளியை நடத்தும் அம்மாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மனசுல வச்சுக்காதீங்க மாஸ்டர். உங்க காலை நம்பித்தான் ஜனங்க வர்றாங்க. எட்டலன்னா, ரூம்ல உக்காந்து போர்டு பாடம் எடுங்க."

அந்த ரூம் நாற்காலிகளுக்குக் கை உண்டு. அவற்றில் மாஸ்டர் நுழைய முடியாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார்.

எடை குறைக்கும் ஆபரேஷன்களை டாக்டர் படம் போட்டு விளக்கினார். இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் போலத் தைப்பது ஒரு வழி. இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, அதில் குடலை நேராகக் கொண்டுவந்து இணைப்பது இன்னொரு வழி. அதற்குப் பெயர் பைபாஸ். "உங்க சர்க்கரைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் பைபாஸ்தான் பொருந்தும்."

"ஊருக்குள்ள போகாம சுத்திப் போற ரோடு" என்றார் மாஸ்டர்.

டாக்டர் சிரித்தார். "ரோடு போட்டுட்டா மட்டும் போதாது. ஆயுசு பூரா அளவாச் சாப்பிடணும், சத்து மாத்திரை போடணும். சரி, கூட இருந்து பாத்துக்க யார் இருக்காங்க?"



அன்று மாலை அக்காவுக்குப் போன் போட்டார். பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரு தடவை அக்கா வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் நாற்காலி முறிந்து விழுந்தார். முதலில் சிரித்தவள் அக்காதான். அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை.

"அக்கா, எனக்கு பைபாஸ் பண்ணணுமாம்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது. "ஐயோ, என் தம்பி! நெஞ்சுவலி எப்படா வந்துச்சு? ஏன்டா சொல்லல?" அக்கா ஓவென்று அழுதாள். திருத்தத்தான் வாயெடுத்தார். "பேசாத, மூச்சு வாங்கும். நான் வந்து கூட இருக்கேன்" என்று அவளே முடித்துவிட்டாள்.

தனக்காக ஒருவர் அழுது அவர் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டார். இதயம் என்றால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். வயிறு என்றால், வாயைக் கட்டத் தெரியாதா என்று கேட்பார்கள். அக்கா தினமும் கூப்பிட்டாள். "தூங்கினியா? படி ஏறாதடா." அவர் "ம்" என்றார். ஒவ்வொரு 'ம்'மும் ஒரு பொய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வாய் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அக்கா மறுபடி சிரிப்பாள், அல்லது பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். இப்போதே சொன்னால் புறப்படவே மாட்டாள். சொல்லவும் முடியாமல், மெல்லவும் முடியாமல் நாட்கள் போயின.

அக்கா பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள், இரண்டு கையிலும் பை. பயிற்சிக் காரிலேயே போய் அழைத்தார். இன்று அவர் ஓட்டுநர் இருக்கையில். அக்கா அவருடைய வழக்கமான இடத்தில். வண்டியை எடுக்குமுன், அவள் அவர் உடம்பைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். உள்ளங்கையை அவர் நெஞ்சின் இடப்பக்கம் வைத்தாள்.

"இங்கதானே? ரொம்ப வலிக்குதாடா?"

கை கதகதப்பாக இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. நாக்கு நுனிக்கு வந்த ஒரு வேடிக்கைப் பேச்சை விழுங்கினார்.

"அங்க இல்லக்கா."

அவள் கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கி, தன் வயிற்றின்மேல் வைத்தார். அவள் எடுத்துவிடாதபடி, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.